கீழே இறங்காத அருள்ஜோதிக்கு

வல்லம்
15.10.2025, புதன்கிழமை

மேனேஜர் அம்மா அருள்ஜோதி அவர்களுக்கு,

சேலை செக்‌ஷன்ல ஒன்பது வருசம் உன் பக்கத்துல நின்ன அன்புக்கரசி எழுதுறது. யாருன்னு ஞாபகம் இருக்குதோ இல்லியோன்னுதான் இவ்ளோ விவரமா எழுதுறேன்.

போன் பண்ணிப் பாத்தேன். திங்கக்கெழம ரிங் போச்சு, நீ எடுக்கல. நேத்து ரிங்கே போகல. பிளாக் பண்ணிட்டேன்னு புரிஞ்சுபோச்சு. சரி, கடைக்கு வந்து பாக்கலாம்னா செக்யூரிட்டி என்னை வாசல்லயே நிறுத்திட்டார். அதான் ஃபால்ஸ் தைக்கிற மீனம்பாள் அக்கா கைல குடுத்தனுப்புறேன். தச்ச சேலைய மேல கொண்டாந்து வெக்கிற சாக்குல அந்தக்கா ஒருத்திதான் உன் ரூம் வரைக்கும் வந்து போறாங்க.

ஞாயித்துக்கெழம நடந்ததை நான் உனக்குச் சொல்லணுமா? நீதான் டிவில பாத்துட்டு இருந்தியே. இருந்தாலும் எழுதுறேன், படி.

தீபாவளிக்கு முன்னாடி ஞாயிறு, கடையில கால் வெக்க இடமில்ல. காலைல ஒன்பது மணிக்கு நின்னோம். நம்ம கடை ரூல் இன்னா? மாத்தாள் வந்து நிக்காம ஒருத்தியும் செக்‌ஷனை விட்டு நகரக் கூடாது. சோத்துக்கும் அதான், பாத்ரூமுக்கும் அதான். மாத்தாள் யாரு? ஃப்ளோர் மேனேஜர். அன்னிக்கு ஏழு பேருக்கு நீ ஒருத்திதான் மாத்தாள், நீ மூணாவது மாடில ஏசில உக்காந்துட்டு இருந்த.

நான் கவுண்டர்ல இருக்குற இன்டர்காம்ல மூணு வாட்டி கூப்ட்டேன். மொத வாட்டி "தோ வரேன்"ன. ரெண்டாவது வாட்டி "முதலாளியோட இருக்கேன், பத்து நிமிசம்"ன. மூணாவது வாட்டி போனை எடுத்த, ஒண்ணும் பேசல, வெச்சிட்ட. அடுத்த நிமிசம் மைக்ல உன் குரல் வருது, "சேலை செக்‌ஷன், கஸ்டமர் நிக்கிறாங்க, சிரிச்ச முகமா கவனிங்க"ன்னு. அடிப்பாவி! மூத்திரத்தை அடக்கிட்டு எப்படிடீ சிரிக்கிறது?

நம்ம செக்‌ஷன் மஞ்சு, முழுகாம மூணு மாசம்னு உனக்கும் எனக்கும்தான் மொத சொன்னா. அவ காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா போகணும், போறதுக்கு ஆள் மாத்தி விட நாதி இல்ல, அதான் குடிக்கல. நாம எல்லாரும் அப்படித்தானே ஒன்பது வருசம் வேலை பாத்தோம்? நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அவ கவுண்டர்மேல சாஞ்சா, அப்படியே கீழ சரிஞ்சுட்டா. நான் கேமராவைப் பாத்துக் கத்துனேன், "யாராச்சும் இறங்கி வாங்கடீ"ன்னு. ஒருத்தரும் வரல. ஆட்டோ புடிச்சு GHக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். ஒடம்புல தண்ணியே இல்லன்னு ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா சொல்ற வரைக்கும் நான் அங்கயிருந்து நகரல.

மறுநாள் என்னையும் மஞ்சுவையும் வேலைய விட்டு நிறுத்திட்டு, என் கைல ஒரு பேப்பரைக் குடுத்தாங்க. "அன்புக்கரசி என்பவர் யாரையும் கூப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல், பண்டிகை நேரத்தில் செக்‌ஷனை விட்டு வெளியேறினார்." கீழ கையெழுத்து உன்னுது. அந்தக் கையெழுத்தை எத்தனை வாட்டி பாத்தேன் தெரியுமா? வேற யாராச்சும் உன் மாதிரியே போட்டிருப்பாங்களோன்னுகூட நெனச்சேன்.

உனக்கு முன்னாடி இருந்தாரே அந்த மேனேஜர், அவரை நாம இன்னா பேசுனோம்? கீழயே வராத மனுசன்னு அவருக்குப் பேரு வெச்சதே நீதான், "மாடிச் சாமி"ன்னு. "நான் இந்தாளு மாதிரி ஆயிட்டா என்னைச் செருப்பால அடிடீ"ன்னு சொன்ன. எழுதி வெச்சுக்கோன்னு வேற சொன்ன.

பதில் போடு. திட்டியாவது போடு.

அன்புக்கரசி


செஞ்சி
17.10.2025

அன்புக்கரசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடை விஷயத்தை இப்படிக் கடிதத்தில் எழுதி அனுப்புவது சரியில்லை. மீனம்பாள் அக்காவுக்கும் கெட்ட பேர் வரும். அவங்க பிழைப்பே கடை வாசலில்தான்.

நடந்ததற்கு எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறாய். மேனேஜர் வேலை என்பது நிற்கிற வேலை இல்லை, பார்க்கிற வேலை என்று முதலாளி தங்கராஜ் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் கீழே வந்து நின்றால் மேலே கேமராவை யார் பார்ப்பார்கள்? அன்றைக்கு ஐந்து செக்‌ஷனிலும் கூட்டம். எல்லோரும்தான் கூப்பிட்டார்கள். எதை எடுத்தேன், எதை எடுக்கவில்லை என்று எனக்கே நினைவில்லை.

மஞ்சு கர்ப்பமாக இருப்பதைக் கடையில் முறைப்படி சொல்லியிருக்க வேண்டும். அவள் மறைத்தது தப்பு. அவளை நிறுத்தியது முதலாளியின் முடிவு. என்னுடையது இல்லை.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. "யாரையும் கூப்பிடாமல் போனது என் தவறு, இனிமேல் நடக்காது" என்று ரெண்டே வரி போதும். நான் முதலாளியிடம் பேசுகிறேன். பொங்கலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வீம்பு பிடிக்காதே.

என் போனை முதலாளியோட மச்சான் வாங்கிப் பார்க்கிறார், அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்தேன். வேற எதுவும் இல்லை.

பசங்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?

அருள்ஜோதி


வல்லம்
22.10.2025

அருளு,

நீ எழுதுன தமிழைப் படிச்சப்போ எனக்கு வந்த மெமோவைத் திரும்பப் படிக்கிற மாதிரியே இருந்துச்சு. "இல்லை", "வேண்டும்", "பார்ப்பார்கள்". ஒன்பது வருசம் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்ட்டவகிட்டப் பேசுற பேச்சா இது? வாய் நெறைய "ஏண்டீ அன்பு"ன்னு கூப்டுவியே, அந்த வாய் எங்க போச்சு?

துணி எடுத்தாச்சான்னு கேட்ட பாரு, அந்த ஒரு வரியிலதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. எடுக்கல. எங்க வீட்டுக்காரர் மல்லாட்டைக்குக் களை எடுக்கப் போன எடத்துல கூலிய முன்னாடியே வாங்கி, பெரியவளுக்கு மட்டும் ஒரு சுடிதார் எடுத்தோம். சின்னவன் போன வருசத்துச் சட்டையப் போட்டுக்கிட்டுப் பட்டாசு வெடிச்சான். போதுமா?

மன்னிப்பு எழுதச் சொல்ற. கூப்பிடாம போனேன்னு என் கையாலயே எழுதணும். எழுதுனா இன்னா ஆவும் தெரியுமா? மஞ்சு கீழ விழுந்தது அவ திமிரு, அவளைத் தூக்குனது என் திமிருன்னு ஆயிடும். மேல இருந்தவங்க எல்லாரும் நல்லவங்க. நான் எழுத மாட்டேன்.

திண்டிவனம் ரோட்டுல ரெண்டு கடை ஏறி இறங்குனேன். மொத கடையில "நாளைக்கே வாம்மா"ன்னாங்க. மறுநாள் போனா மொகம் மாறிப்போச்சு. நம்ம கடைக்கு போன் போட்டுக் கேட்டிருக்காங்க, "பாதில போட்டுட்டு ஓடுற ஆளு"ன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டாவது கடையிலயும் அதே கதை. போனை எடுத்தது நீயா, முதலாளி மச்சானான்னு எனக்குத் தெரியாது. நீயா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன மாசிலயே முதலாளி என்னைத்தான் மொத கூப்ட்டார். "சேலை செக்‌ஷன்ல உனக்குத்தான் அனுபவம், நீ மேல வரியா"ன்னார். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அருள்ஜோதி ப்ளஸ் டூ படிச்சிருக்கா சார், எழுத்தும் நல்லா இருக்கும், அவளுக்குக் குடுங்க"ன்னேன். வந்து உன்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீ மூச்சு முட்ட ஓடி வந்து, "அன்பு, என்னை மேனேஜர் ஆக்கிட்டாங்கடீ"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சப்போ நான் எதுவுமே தெரியாத மாதிரி நின்னேன். அன்னிக்கு நீ சொன்ன, "நான் மேல இருந்தா உங்களுக்கெல்லாம் ஒரு ஸ்டூலாவது வரும், ஆள் மாத்தி விட நானே ஓடி வருவேன்"னு. எட்டு மாசம் ஆச்சு. ஒரு நாள்கூட அரை மணி நேரம் நீ கீழ நின்னு நான் பாக்கல. உக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் வந்து நாலு வருசம் ஆவுது, அந்தப் பேப்பரை நீதான் எனக்குப் படிச்சே காட்டுன.

விழுப்புரம் லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். எனக்கும் மஞ்சுவுக்கும் சேத்துத்தான். நவம்பர் ஆறாம் தேதி விசாரணை. கேமரா ரெக்கார்டிங் அழிஞ்சுபோச்சுன்னு முதலாளி இப்பவே எழுதிக் குடுத்துட்டாராம். இன்டர்காம்ல பேசுனதுக்கு எந்த அத்தாட்சியும் கெடையாது. மத்த அஞ்சு பொண்ணுங்களும் "எங்களை உட்ருக்கா"ன்னு கும்புடுறாங்க, அதுங்களையும் குத்தம் சொல்ல முடியாது. மஞ்சு கேட்டாதான், ஆனா மனு குடுத்தவளே அவ, அவ பேச்சு எடுபடாது. நான் கூப்ட்டதைச் சொல்றதுக்கு மிச்சம் இருக்குறது நீ ஒருத்திதான்.

எதை எடுத்த, எதை எடுக்கலன்னு உனக்கு ஞாபகம் இல்லன்னு எழுதியிருக்க. நல்லா யோசிச்சுப் பாரு.

அன்பு


செஞ்சி
28.10.2025

அன்பு,

அருள்ஜோதி எழுதுறேன். உன் கடிதத்தை நாலு நாளா ஜாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருந்தேன். வெளிய எடுத்துப் படிக்கவும் பயம், கிழிக்கவும் மனசு வரல.

உன்னைத்தான் மொத கூப்ட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுடீ. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னும் தெரியல.

ஞாபகம் இல்லன்னு எழுதினது பொய். எல்லாம் ஞாபகம் இருக்குது. நீ மூணு தடவை கூப்ட்ட. மொத தடவை ஒண்ணேகால் மணி. ரெண்டாவது ரெண்டரை. மூணாவது மூணு மணிக்கு மேல. மூணையும் நான்தான் எடுத்தேன். ரெண்டாவது தடவை முதலாளி என்கூட இல்ல, சும்மா சொன்னேன். மூணாவது தடவை உன் குரலைக் கேட்டதும் வெச்சுட்டேன், இன்னா சொல்றதுன்னு தெரியல, அதான் மைக்கைப் புடிச்சுட்டேன். மஞ்சு கவுண்டரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்தேன். அவ சாயறதையும் பாத்தேன். நீ கேமராவைப் பாத்துக் கத்துனப்போ சத்தம் கேக்கல, உன் வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. எழுந்து கதவு வரைக்கும் போனேன். அங்கயே நின்னுட்டேன்.

அந்தப் பேப்பரை முதலாளி மச்சான்தான் டைப் அடிச்சுக் கொண்டாந்தார். "யாரையும் கூப்பிடாமல்"னு இருந்ததைப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காம போட்டுட்டேன்னு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன், இப்போ அதையும் சொல்ல முடியல.

இந்தத் தாள் முடிஞ்சிடுச்சு. ஏன் இறங்கி வரலன்னு இன்னொரு தாள்ல எழுதுறேன். அதைப் படிக்காம என்னை வெறுத்துடாத.

*

என் இடது கால் போயிடுச்சு அன்பு. நரம்பு சுருட்டிக்கிட்டு இருந்துச்சே, எல்லாருக்கும் இருக்குறதுதானேன்னு நாம பேசிக்குவோமே, அது பொங்கல் வியாபாரத்தப்போ கணுக்கால்கிட்ட வெடிச்சுப் புண்ணாயிடுச்சு. இதுவரைக்கும் ஆறல. பாண்டிச்சேரில பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். "இனிமே பத்து நிமிசத்துக்கு மேல நிக்கக் கூடாது"ன்னுட்டார். தினமும் கட்டு மாத்திக்கிட்டு, சேலையைத் தழையத் தழையக் கட்டிக்கிட்டு வரேன். எங்க வீட்டுக்காரர் வின்சென்ட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்க வீட்ல வேற வருமானம் இல்லன்னு உனக்கே தெரியும், அவருக்கு ஆக்சிடென்ட் ஆனதுலேர்ந்து நான்தான்.

விமலாவை ஞாபகம் இருக்குதா? ரெடிமேட் செக்‌ஷன். காலு வீங்குதுன்னு ஒரு வாட்டி சொன்னா, அந்த மாசத்தோட அனுப்பிட்டாங்க. "கால் போனவங்களை வெச்சு நான் இன்னா பண்றது"ன்னு முதலாளி சொன்னதைக் காதால கேட்டேன். அதுக்கடுத்த வாரம்தான் எனக்கு மேனேஜர் வேலை வந்துச்சு. மாதாவே எனக்கு வழி காட்டினாங்கன்னு நெனச்சேன். ஏறி உக்காந்ததுலேர்ந்து இறங்கவே பயம். இறங்கி நின்னா கட்டுல ரத்தம் ஊறும், சேலையில தெரியும், அதோட முடிஞ்சுது. நீ கூப்புடுற ஒவ்வொரு வாட்டியும் எழுந்து கதவு வரைக்கும் போவேன்டீ.

இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாத. மஞ்சுகிட்டகூட வேணாம். படிச்சுட்டு ரெண்டு தாளையும் கிழிச்சு அடுப்புல போட்டுடு. உன்னை நம்பித்தான் எழுதுறேன்.

அருளு


வல்லம்
31.10.2025

அருளு,

உன் லெட்டரை மல்லாட்டைக் கொல்லையில, களத்து ஓரமா உக்காந்து படிச்சேன். மொத தாளைப் படிச்சப்போ உன் மொகத்துல காறித் துப்பணும்னு இருந்துச்சு. ரெண்டாவது தாளைப் படிச்சுட்டு அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து இன்னான்னு கேட்டார், கண்ணுல தூசுன்னுட்டேன்.

ஏண்டீ என்கிட்ட சொல்லல? உன் காலை நான் புடிச்சு விடலியா? ஆடித் தள்ளுபடி முடிஞ்சா ரெண்டு பேரும் பக்கெட்டுல சுடுதண்ணி ஊத்தி, உப்புப் போட்டு, ஒரே பக்கெட்டுல நாலு காலையும் வெச்சுக்கிட்டு உக்காருவோமே. அப்படிப் பழகுன என்கிட்டயே நீ வாயைத் திறக்கல. சொல்லியிருந்தா நாங்க ஏழு பேரும் எங்களுக்குள்ளயே ஆள் மாத்திக்க மாட்டோமா? "அவ வர மாட்டா, நாமளே பாத்துக்கலாம்"னு முடிச்சிருப்போம். நீ ஒரு வார்த்தை "மாத்திக்கோங்க"ன்னு மைக்ல சொல்லியிருந்தா போதுமே. அதுக்குக் காலு வேணாமே அருளு, வாய்தானே வேணும்?

இதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. வலி இன்னான்னு தெரியாதவங்க மேல உக்காந்திருந்தா நான் இவ்ளோ ஆத்திரப்பட மாட்டேன். அந்த மாடிச் சாமிக்கு ஒண்ணும் தெரியாது, அவர் ஒரு நாளும் நின்னதில்ல. உனக்கு நல்லாத் தெரியும். எத்தனை மணிக்குக் குதிகால் மரத்துப்போவும், எத்தனை மணிக்கு அடிவயிறு கல்லாயிடும்னு எல்லாம் தெரிஞ்சவ நீ. தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு சாயறதைப் பாத்துட்டு நின்ன.

ஆனாலும் உன்னை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல. எனக்கே என்மேல கோவமா வருது.

கேளு. ஆறாம் தேதி உன்னையும் சாட்சிக்குக் கூப்ட்டிருக்காங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நீ வா. காலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேணாம். ஏன் வரலன்னு கேட்டா மேல வேலை இருந்துச்சுன்னு சொல்லிக்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்: "அன்புக்கரசி கூப்ட்டா." அவ்ளோதான். அதைச் சொன்னா என் பேரு நிக்கும், மஞ்சுவுக்கும் வேலை திரும்பும். அவ மாமியார் வீட்ல "வேலைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கிட்டா"ன்னு தெனம் பேச்சு.

உன் லெட்டரைக் கிழிக்கல. கிழிக்கப் போனேன், கை வரல. பத்திரமா இருக்குது, பயப்படாத. வெளிய எடுக்க மாட்டேன். நீ வாயால சொல்லிட்டா எனக்கு எதுக்கு பேப்பர்?

காலுக்கு ஒழுங்கா கட்டுப் போடு. தேங்கா எண்ணெயத் தடவி வெக்காத, நீ அதைத்தான் செய்வ.

அன்பு


செஞ்சி
3.11.2025

அன்பு,

நேத்து கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையைக் கழுவிப் பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு அங்கயே சத்தியம் பண்ணிட்டேன். வியாழக்கெழம வரேன். நீ கூப்ட்டதைச் சொல்லிடுறேன். போறது போவட்டும். இதுக்கு மேல என்னால இதைச் சுமக்க முடியல.

முதலாளி கார்லதான் கூட்டிட்டுப் போறாங்க. அங்க என்னைப் பாத்தா பேசாத, சிரிக்காத, தெரியாத மாதிரி இரு. உள்ள போய்ச் சொல்லிடுவேன்.

லெட்டரைக் கிழிச்சுடு அன்பு. எனக்காக.

அருளு


வல்லம்
7.11.2025, வெள்ளிக்கிழமை

அருள்ஜோதிக்கு,

நேத்து நீ சொன்ன மாதிரியே உன்னைத் தெரியாத மாதிரிதான் இருந்தேன். நீ கார்லேர்ந்து எறங்கறப்போ எந்தக் காலை மொத ஊனுறன்னு பாத்தேன். வலது காலைத்தான் ஊனுன. படிக்கட்டுல முதலாளிக்குப் பின்னாடி நின்னு நின்னு ஏறுன. நானும் மஞ்சுவும் பஸ்ல வந்து ஒம்பதரைக்கே உக்காந்திருந்தோம்.

உள்ள நாற்காலி நாலுதான். அந்த ஆபீசரம்மாவுக்கு எதிர்ல முதலாளி ஒண்ணு, அவர் மச்சான் ஒண்ணு, மஞ்சு ஒண்ணு, நான் ஒண்ணு. நீ செவுத்து ஓரமா நின்ன. ஒரு அரை மணி நேரம் முதலாளி பேசுனார். நான் அவர் பேச்சைக் கேக்கல, உன் சேலைக் கரையத்தான் பாத்துட்டு இருந்தேன். உன் மொகம் வெளுத்துப்போச்சு. நான் எழுந்து, "இவங்க உக்காரட்டும் மேடம், நான் நின்னுக்கிறேன், எனக்குப் பழக்கம்தான்"னு சொல்லி என் நாற்காலியக் குடுத்தேன். நீ உக்காந்த. என்னை நிமிந்துகூட பாக்கல.

அதுல உக்காந்துக்கிட்டுத்தான் சொன்ன.

"இவங்க உங்களை இன்டர்காம்ல கூப்ட்டாங்களா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "இல்லங்க மேடம்"ன. "ஒரு தடவைகூடவா?"ன்னு திரும்பக் கேட்டாங்க. அவங்களுக்கே சந்தேகம் இருந்துச்சு, உனக்கு இன்னொரு வாய்ப்பு குடுத்தாங்க. "எந்தக் காலும் வரல மேடம், வந்திருந்தா நான் உடனே இறங்கிப் போயிருப்பேன்"ன. முதலாளி உன்னைப் பாத்துத் தலையாட்டுனார். மஞ்சு என் கையைப் புடிச்சா.

அப்போதான் நீ நிமிந்த. என் மொகத்தைப் பாக்கல. என் மடியில இருந்த பையைப் பாத்த. உன் லெட்டர் அதுலதான் இருக்குதுன்னு உனக்குத் தெரியும், நான் கிழிக்க மாட்டேன்னும் தெரியும். ஒரு நிமிசம் பையையே பாத்துட்டு இருந்த. நான் அதுல கையை வெக்கல. உடனே உன் மூச்சு எறங்குச்சு பாரு, அதை நான் பாத்துட்டேன். இவ எடுக்க மாட்டான்னு உனக்கு அவ்ளோ நம்பிக்கை. பயந்துபோய் ஒருத்தி பொய் சொல்றது எனக்குப் புரியும்டீ, நானும் பயந்தவதான். நீ என்மேல இருந்த நம்பிக்கையில சொன்ன. நான் உனக்குத் துரோகம் பண்ண மாட்டேன்னு தெரிஞ்சுதான் நீ எனக்குப் பண்ணுன. அதுவும் உங்கம்மா கல்லறையில சத்தியம் பண்ணிட்டு வந்து!

ஆபீசரம்மா கடைசியா, "வேற ஆதாரம் இருந்தா நாளைக்கு மதியத்துக்குள்ள குடும்மா, இல்லன்னா இதோட முடிச்சுடுவேன்"னாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ்ல ஏறி உக்காந்த அப்புறம் மஞ்சு கேட்டா, "அக்கா, நீங்க நெஜமாவே கூப்ட்டீங்கதானே?"ன்னு. என் பக்கத்துலயே நின்னவ அவ. மூணு வாட்டியும் கேட்டவ. அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்படி இருந்துச்சு நீ சொன்ன விதம்.

அதோட முடிஞ்சுபோச்சு அருளு. என் வேலைக்காகன்னா நான் கடைசி வரைக்கும் எடுத்திருக்க மாட்டேன். களை எடுத்துப் பொழச்சுக்குவேன், எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அந்தப் பொண்ணு தான் விழுந்ததே தன் தப்போன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டா.

இன்னிக்குக் காலைல மொத பஸ்ல திரும்ப விழுப்புரம் போனேன். உன் லெட்டரோட மொத தாளை, நான் கூப்ட்ட மூணு நேரத்தையும் நீ எழுதுன தாளை, அந்தம்மா கைல குடுத்துட்டேன். மெமோவுல இருந்த கையெழுத்தையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. "இதை ஏன்மா நேத்தே குடுக்கல?"ன்னாங்க. "அவங்க வாயால சொல்லுவாங்கன்னு இருந்தேன்"னேன். கடைசில ஏன் வரலன்னு வேற தாள்ல எழுதுறேன்னு இருக்குதே, அது எங்கன்னு கேட்டாங்க. கிழிச்சுட்டேன்னு பொய் சொன்னேன். அரசாங்க ஆபீசரம்மா முன்னாடி நான் சொன்ன ஒரே பொய் அது, அதுவும் உனக்காக.

இனிமே இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. உன்னைக் கீழ அனுப்புவாங்களோ, வீட்டுக்கே அனுப்புவாங்களோ. வின்சென்ட்டையும் புள்ளைங்களையும் நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. அடைச்சாலும் திரும்பப் போய் வாங்க மாட்டேன்.

ரெண்டாவது தாளை இதோட வெச்சு, ஒட்டி, மீனம்பாள் அக்கா கைல குடுத்திருக்கேன். பிரிக்காம குடுக்கணும்னு சொல்லியிருக்கேன். உன் காலைப் பத்தி என் வாயாலயோ கையாலயோ யாருக்கும் போகல, மஞ்சுவுக்கும் தெரியாது. கிழிச்சு அடுப்புல போடணும்னா நீயே போட்டுக்க.

அன்புக்கரசி